எண்பது வயதில் இருபது பல்

1989-ஆம் ஆண்டு ஜப்பானின் சுகாதார நல அமைச்சகமும் ஜப்பான் பல் மருத்துவர் சங்கமும் சேர்ந்து ஓர் இலக்கை அறிவித்தன: எண்பது வயதிலும் இருபது சொந்தப் பற்கள். இயக்கத்துக்கு வைத்த பெயரும் வெறும் எண்தான், 8020. அன்றைக்கு அது பேராசையாகத்தான் தெரிந்தது. எண்பதைத் தொட்ட ஜப்பானியரில் இருபது பல் வைத்திருந்தவர்கள் பத்தில் ஒருவர்கூட இல்லை. சராசரியாக ஒருவர் வாயில் மிஞ்சியிருந்தவை நான்கைந்து பற்கள்.

2016-ல் அந்நாட்டு அரசு நடத்திய பல் நோய்க் கணக்கெடுப்பில் இந்த இலக்கை எட்டியவர்கள் 51.2 விழுக்காடு. 2022 கணக்கெடுப்பில் 51.6. எழுபத்தைந்து முதல் எண்பத்து நான்கு வயது வரை உள்ளவர்களின் பற்களை எண்ணி, அதிலிருந்து எண்பது வயதுக்குக் கணக்கிட்ட மதிப்பு இது. முப்பது ஆண்டுகளுக்குள், பத்தில் ஒருவர்கூட இல்லாத நிலை மாறி இரண்டில் ஒருவர் என்றாகிவிட்டது.

இதே முப்பது ஆண்டுகளில் மனிதப் பல்லின் எனாமல் மாறவில்லை, தாடை எலும்பும் மாறவில்லை. எண்பது வயது என்பதும் அதே எண்பதுதான். ‘வயசானா பல் விழத்தானே செய்யும்’ என்று நம் வீடுகளில் சர்வசாதாரணமாகச் சொல்கிறோம். பொக்கைவாய்ச் சிரிப்பும் சிறு உரலில் இடித்த வெற்றிலையும் தாத்தா பாட்டிக்கு உரிய அடையாளங்கள் என்றே பழகிவிட்டோம். ஜப்பானின் கணக்கு இந்தப் பழக்கத்தைக் கேள்வி கேட்கிறது. உலகம் முழுவதும் அறுபது வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 23 விழுக்காட்டினருக்கு ஒரு பல்கூட இல்லை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2022 அறிக்கை சொல்கிறது. பல்லைப் பறிப்பது வயது என்றால் இந்த விகிதம் நாட்டுக்கு நாடு, தலைமுறைக்குத் தலைமுறை இவ்வளவு வேறுபடக் கூடாது.

ஏன் இருபது?

ஞானப்பற்களையும் சேர்த்தால் வளர்ந்தவர் வாயில் 32 பற்கள். அத்தனையும் இருந்தால்தான் சாப்பிட முடியும் என்பதில்லை. நெதர்லாந்தின் நைமேகன் பல்கலைக்கழகத்தில் இருந்த ஆர்ன்ட் கைசர், பின்வரிசைக் கடைவாய்ப் பற்களை இழந்தவர்கள் எதுவரை சமாளிக்கிறார்கள் என்று ஆராய்ந்து 1981-ல் எழுதினார். மேலும் கீழுமாக 12 முன்பற்கள், அவற்றுக்குப் பின்னால் மேலும் கீழும் பொருந்திக் கடிக்கும் நான்கு இணைச் சிறு கடைவாய்ப் பற்கள். ஆக 20. இவ்வளவு இருந்தால் பெரும்பாலோருக்கு மெல்லுவதில் பெரிய குறை தெரிவதில்லை. அதற்கும் கீழே போகப் போக, சாப்பிட முடிகிற பண்டங்களின் பட்டியல் சுருங்கத் தொடங்குகிறது.

எண்ணிக்கை மட்டும் போதாது. மேல்தாடையில் பத்துப் பல்லும் கீழ்த்தாடையில் வெறும் ஈறும் இருந்தால் அரைக்க ஆளில்லை. கேரட், கடலை, கீரைத்தண்டு, இறைச்சி போன்றவை முதலில் தட்டிலிருந்து விலகும். அந்த இடத்தைக் கஞ்சியும் ரொட்டியும் பிஸ்கட்டும் பிடித்துக்கொள்ளும். வயிறு நிறைந்துவிடும், புரதமும் நார்ச்சத்தும் குறைந்துவிடும். தசை கரையத் தொடங்கும் வயதில் புரதம் குறைவது இன்னொரு வகை இழப்புக்கு வழி திறந்துவிடுகிறது.

பல்லை எடுப்பது எது?

8020 இயக்கத்துக்காக ஜப்பானில் அமைந்த அறக்கட்டளை, பல் பிடுங்கப்படுவதற்கான காரணங்களை நாடு முழுவதும் திரட்டி 2018-ல் வெளியிட்டது. ஈறு நோய் 37.1 விழுக்காடு, சொத்தை 29.2, பல் உடைவது 17.8. மீதி சில்லறைக் காரணங்கள். மூப்பு என்று ஒரு தலைப்பே அதில் இல்லை.

ஈறு நோய் எப்படிப் பல்லைக் கழற்றுகிறது என்பதற்கு, பல் எப்படி நிற்கிறது என்று முதலில் தெரிய வேண்டும். சுவரில் அடித்த ஆணிபோலப் பல் எலும்பில் இறுகியிருப்பதில்லை. தூளியில் கிடக்கும் பிள்ளையைப்போல, எலும்புக் குழிக்குள் நுண்ணிய நார்களால் தொங்கவிடப்பட்டிருக்கிறது. அந்த நார்ப்படலத்தின் தடிமன் 0.2 மில்லிமீட்டர் அளவுதான். கடிக்கும்போது அதிர்ச்சியைத் தாங்குவது அது. சோற்றில் ஒரு சிறு கல் அகப்பட்டால் உடனே தாடையை நிறுத்தச் சொல்லி மூளைக்குச் செய்தி அனுப்புவதும் அதுவே.

பல்லும் ஈறும் சேரும் இடத்தில் 1 முதல் 3 மில்லிமீட்டர் வரை ஆழமுள்ள இடுக்கு இயல்பாகவே உண்டு. தேய்க்காமல் விட்ட இடத்தில் நுண்ணுயிரிகள் படலமாகப் படிகின்றன. எச்சிலிலுள்ள கால்சியம் சேர்ந்து அது இறுகிக் காரையாகிறது. ஈறு சிவந்து வீங்குகிறது, தேய்க்கும்போது ரத்தம் வருகிறது. வலி இருக்காது. அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. சிலருக்கு வீக்கம் அத்தோடு நின்றுவிடும். சிலருக்குக் கீழே இறங்கி இடுக்கு 4, 5, 6 மில்லிமீட்டர் என்று பையாக ஆழமாகும். அங்கே காற்றில்லாமல் வாழும் கிருமிகள் குடியேறும். அவற்றோடு போராடும் உடலின் சொந்த எதிர்ப்புச் சக்தியே நார்களையும் எலும்பையும் சேர்த்து அரிக்கிறது. இருபது முப்பது ஆண்டுகள் சத்தமில்லாமல் நடக்கிற வேலை இது. முப்பத்தைந்தில் தொடங்கியது அறுபத்தைந்தில் பல் ஆட்டமாக வெளிப்படும்போது, பழி வயதின்மேல் விழுகிறது. புகைபிடிப்பவர்களுக்கு ஈறில் ரத்தக்கசிவுகூடக் குறைவாக இருக்கும் என்பதால் முன்னெச்சரிக்கையும் கிடைப்பதில்லை.

மூன்றாவது காரணமான உடைவுக்கும் ஒரு பின்கதை உண்டு. ஆழமான சொத்தைக்கு வேர் சிகிச்சை செய்த பல்லில் உட்பகுதி பெரிதும் குடையப்பட்டிருக்கும். மேலே உறை போடாமல் விட்டால் பத்துப் பதினைந்து ஆண்டு கழித்து ஒரு முறுக்குத் துண்டில் அது பிளந்துவிடலாம். முதுமையில் உடைகிற பல் பெரும்பாலும் நடுவயதில் சொத்தையான பல்.

பரிசாகக் கிடைத்த பொக்கைவாய்

பல் இழப்பு எந்த அளவுக்குச் சமூகத்தின் முடிவாக இருக்க முடியும் என்பதற்குப் பிரிட்டன் நல்ல உதாரணம். 1968-ல் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் எடுத்த முதல் பெரிய கணக்கெடுப்பில், வயது வந்தவர்களில் 37 விழுக்காட்டினருக்கு ஒரு சொந்தப் பல்லும் இல்லை. முதியோர் மட்டுமல்ல, எல்லா வயதினரையும் சேர்த்த கணக்கு இது. சில பகுதிகளில் இளம்பெண்ணுக்கு இருபத்தொன்றாம் பிறந்தநாளிலோ திருமணத்துக்கு முன்போ பற்கள் அத்தனையையும் எடுத்துவிட்டுப் பல்செட் வைத்துத் தருவது பரிசாகவே இருந்தது. வருங்காலக் கணவனுக்குப் பல் வைத்தியச் செலவு மிச்சம்!

மருத்துவமும் இதற்குத் துணை போயிற்று. லண்டன் மருத்துவர் வில்லியம் ஹன்டர் 1910-ல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரையில், அழுகிய பற்களும் அவற்றின்மேல் வைத்த தங்க உறைகளும் உடலெங்கும் நோய் பரப்புகின்றன என்று சாடினார். அடுத்த சில பத்தாண்டுகளுக்கு மூட்டுவலி, ரத்தசோகை, மனநோய் என எதற்கும் பல்லைப் பிடுங்குவது தீர்வாயிற்று. நம் ஊரில் அச்சம் நேர் எதிர்த் திசையில் ஓடுகிறது. மேல்வரிசைப் பல்லை எடுத்தால் கண் பார்வை போய்விடும் என்று அஞ்சி, சீழ் பிடித்த பல்லையும் ஆண்டுக்கணக்கில் வைத்திருப்பவர்கள் இன்றும் உண்டு. மேல் பற்களுக்கு உணர்வு கொடுப்பது முக்கிளை நரம்பின் (ட்ரைஜெமினல்) ஒரு கிளை. பார்வை நரம்பு முற்றிலும் வேறு.

1948 ஜூலையில் பிரிட்டனின் தேசிய சுகாதார சேவை தொடங்கி எல்லாம் இலவசம் என்றானதும், பல்செட்டுக்கு மக்கள் அலைமோதினார்கள். செலவு தாளாமல் 1951-ல் நிதியமைச்சர் ஹியூ கெய்ட்ஸ்கெல் பல்செட்டுக்கும் மூக்குக்கண்ணாடிக்கும் கட்டணம் விதித்தார். சேவையை உருவாக்கிய அனூரின் பெவன் அதைக் கண்டித்துப் பதவி விலகினார். ஓர் அரசையே பல்செட் உலுக்கியது. அதே பிரிட்டனில் 2009-ல் பல்லே இல்லாதவர்கள் 6 விழுக்காடாகக் குறைந்துவிட்டார்கள்.

ஜப்பானில் என்ன நடந்தது?

8020 என்ற முழக்கம் மட்டும் பல்லைக் காப்பாற்றவில்லை. 1961-லிருந்தே அங்கே எல்லாருக்கும் மருத்துவக் காப்பீடு உண்டு. சொத்தை அடைப்பதும் ஈறு சிகிச்சையும் பல்செட்டும் அதற்குள் அடக்கம். பள்ளிக்கூடங்களில் ஆண்டுதோறும் பல் பரிசோதனை நடக்கிறது. நாற்பது, ஐம்பது வயதைத் தொட்டவர்களுக்கு உள்ளாட்சி அமைப்புகள் ஈறு பரிசோதனை நடத்தும் ஏற்பாடு 1990-களில் வந்தது. பின்னர் அறுபது, எழுபது வயதும் சேர்ந்தன. குடிநீரில் ஃப்ளோரைடு கலக்கும் வழக்கம் ஜப்பானில் இல்லை. அதற்குப் பதில் பற்பசை மாறியது. 1985-ல் விற்ற பற்பசையில் ஃப்ளோரைடு உள்ளது எட்டில் ஒரு பங்குதான். 2010-களில் பத்தில் ஒன்பது.

இன்னொன்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். 2016-ல் எண்பது வயதானவர்கள் 1936-ல் பிறந்தவர்கள். அவர்களுக்கு நிலைப்பற்கள் முளைத்த காலம் போர்க்காலம். நாட்டில் சர்க்கரையே அரிது. போருக்கு முன்னும் பின்னும் குழந்தைகளின் சொத்தைப் பற்களை ஒப்பிட்ட ஜப்பானிய ஆய்வுகள், சர்க்கரை குறைந்தபோது சொத்தையும் குறைந்ததைக் காட்டின. ஆக, முழக்கத்துக்குக் கிடைத்த வெற்றியில் ஒரு பங்கு பஞ்சத்துக்கும் போக வேண்டும். அடுத்து எண்பதைத் தொடுகிறவர்கள் சர்க்கரை தாராளமாகப் புழங்கிய காலத்தில் வளர்ந்தவர்கள். அவர்கள் பல்லைக் காத்திருந்தால் அது பற்பசைக்கும் பரிசோதனைக்கும் உரிய பெருமை.

மாற்றுப்பல்லின் வரலாறு

பல் போனால் செட் வைத்துக்கொள்ளலாமே என்பது எளிய பதில். பழைய பதிலும்கூட. ஜப்பானின் வக்கயாமாவில் 1538-ல் இறந்த ஒரு பௌத்தப் பெண்துறவியின் மரப் பல்செட் இன்றும் இருக்கிறது. முழுசெட்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று அது. புத்தர் சிலை செதுக்கும் தச்சர்களே பிற்காலத்தில் பல்செட்டும் செதுக்கினார்கள். தேன்மெழுகில் வாயின் அச்செடுத்து, இழை நெருக்கமான மரத்தைத் தாடைக்கு அப்படியே பொருந்தும்படி குடைவார்கள். ஈரத்தில் அது அண்ணத்தோடு ஒட்டி நிற்கும்.

ஐரோப்பாவும் அமெரிக்காவும் அப்போது அந்த நுட்பத்தை அறியவில்லை. அமெரிக்காவின் முதல் அதிபர் ஜார்ஜ் வாஷிங்டன் 1789-ல் பதவியேற்றபோது அவர் வாயில் இருந்தது ஒரே ஒரு சொந்தப் பல். நீர்யானைத் தந்தத்தில் செதுக்கி, மனிதப் பற்களைப் பதித்து, கம்பிச்சுருளால் விரிந்து நிற்கச் செய்த செட்டை அணிந்து அவர் அவதிப்பட்டார். மரப்பல் என்பது பின்னால் கட்டிய கதை. அடிமைகளுக்கு ஒன்பது பற்களுக்காகப் பணம் கொடுத்த குறிப்பு அவரது 1784-ஆம் ஆண்டுக் கணக்கேட்டில் இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டின் நடுவில் கெட்டிப்படுத்திய ரப்பர் வந்தபின்தான் சாமானியர் வாங்கக்கூடிய விலைக்குப் பல்செட் இறங்கியது. 1930-களில் அக்ரிலிக் வந்தது. இன்றும் பெரும்பாலான செட்கள் அதுதான்.

பொருள் மேம்பட்டாலும் அடிப்படைச் சிக்கல் தீரவில்லை. பல்லுக்காக இருக்கும் எலும்பு, பல் போனதும் கரையத் தொடங்கும். முழுசெட் அணிந்தவர்களை 25 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த அன்டே டால்கிரென் 1972-ல் வெளியிட்ட ஆய்வு, கீழ்த்தாடை மேல்தாடையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு கரைகிறது என்று காட்டியது. கீழ்ச்செட் ஆடுகிறது, நழுவுகிறது, புண் பண்ணுகிறது என்று எல்லாரும் புகார் சொல்வது இதனால்தான். முழுசெட்டின் கடிவிசை சொந்தப் பல்லினுடையதில் கால்பங்கு அளவுதான்; பலருக்கு அதற்கும் கீழே. நார்ப்படலம் இல்லாததால் கல்லையும் சோற்றையும் பிரித்துச் சொல்லும் உணர்வும் மங்கிவிடும்.

எலும்போடு இறுகும் பல் தற்செயலாகக் கிடைத்தது. ஸ்வீடன் மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க் 1950-களில் முயல் எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைப் பார்க்க டைட்டானியக் கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால் எலும்பு அதை விடவில்லை. 1965-ல் முதல் நோயாளிக்குத் தாடையில் டைட்டானியத் திருகுகள் பொருத்தினார். அந்த நோயாளி நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அவற்றோடு வாழ்ந்தார். 1982-ல் டொரான்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பிறகே உலகம் இதை ஏற்றது. இம்ப்ளான்ட் எனப்படும் இந்தத் திருகுப்பல்லை வைக்க வயது தடையில்லை. ஆனால் அதைச் சுற்றிலும் காரை படியும், அழற்சி வரும், எலும்பு கரையும். சொந்தப் பல்லைத் தேய்க்காமல் இழந்தவருக்கு இம்ப்ளான்டையும் இழக்கச் சில ஆண்டுகள் போதும்.

வாய் வறண்டால்

முதுமைக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டென்றால் அது வறட்சி. ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒன்றரை லிட்டர் வரை எச்சில் சுரக்கிறது. அது அமிலத்தைக் கழுவுகிறது, கரைந்த கனிமத்தைப் பல்லுக்குத் திருப்பிக் கொடுக்கிறது. ரத்த அழுத்தம், மனச்சோர்வு, ஒவ்வாமை, சிறுநீர் அடங்காமை ஆகியவற்றுக்குத் தரும் மாத்திரைகளில் பல எச்சிலைக் குறைக்கும். நான்கைந்து மாத்திரைகள் சேரும்போது வாய் ஒட்டிக்கொள்ளும். வறட்சிக்காக இனிப்பு மிட்டாயைச் சப்பினால் கதை முடிந்தது.

ஏனென்றால் இந்த வயதில் ஈறு இறங்கி வேர் வெளியே தெரிகிறது. எனாமல் கரைய வாயின் பி.எச். அளவு 5.5-க்குக் கீழே போக வேண்டும். எனாமல் போர்வை இல்லாத வேர், 6-க்குச் சற்று மேலேயே கரையத் தொடங்கிவிடும். எலுமிச்சை வேண்டாம், அடிக்கடி பருகும் இனிப்புக் காபியே போதும். வேரில் விழும் சொத்தை பல்லைச் சுற்றிப் பரவி, ஒருநாள் பல்லை ஈறு மட்டத்தில் துண்டாக்கிவிடும். கரியும் செங்கல் தூளும் உப்பும் கலந்த பல்பொடியை விரலால் அழுத்தித் தேய்ப்பது இந்த வேரைத்தான் முதலில் தேய்க்கிறது. மென்மையான பிரஷ், ஃப்ளோரைடு பற்பசை, தேய்த்தபின் நுரையைத் துப்பிவிட்டு அதிகம் கொப்பளிக்காமல் இருப்பது, இனிப்புக் காபி, டீயின் எண்ணிக்கையைக் குறைப்பது. வேர்ச்சொத்தைக்கு எதிரான வழி இவ்வளவுதான். சொத்தை வேகமாகப் பரவுகிறவர்களுக்குச் சாதாரணப் பற்பசையைவிட மூன்று நான்கு மடங்கு ஃப்ளோரைடு உள்ள பற்பசையை மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள்.

நுரையீரல் வரை

வாயின் அழுக்கு வாயோடு நிற்பதில்லை. முதியவர்கள் உறங்கும்போது எச்சில் துளித்துளியாக மூச்சுக்குழாயில் இறங்குவது உண்டு. இளமையில் இருமல் அதை வெளியேற்றிவிடும். இருமும் திறன் குன்றியவர்களுக்குக் கிருமிகளோடு அது நுரையீரலில் தங்கி நிமோனியா ஆகலாம்.

ஜப்பானில் 11 முதியோர் இல்லங்களில் இரண்டு ஆண்டுகள் நடந்த ஓர் ஆய்வு 2002-ல் வெளியானது. தாகேயோஷி யோனேயாமாவும் உடன் ஆய்வாளர்களும் ஒரு பிரிவினருக்கு ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் பராமரிப்பாளரே வாயைச் சுத்தம் செய்யுமாறும், வாரம் ஒருமுறை பல் மருத்துவரோ உதவியாளரோ வந்து பார்க்குமாறும் செய்தார்கள். அந்தப் பிரிவில் நிமோனியா கண்டவர்கள் 11 விழுக்காடு. வழக்கம்போல் விடப்பட்ட பிரிவில் 19. பல்லே இல்லாதவர்களுக்கும் பலன் இருந்தது, ஏனென்றால் நாக்கிலும் அண்ணத்திலும் செட்டிலும் கிருமி படியும். எல்லா ஆய்வுகளும் இதே பதிலைத் தரவில்லை. அமெரிக்காவின் கனெடிகட் மாநிலத்தில் 834 முதியோரிடம் பிரஷும் கிருமிநாசினிக் கொப்பளிப்பும் தலையை நிமிர்த்தி உணவூட்டுவதும் சேர்த்துச் செய்து பார்த்த சோதனை, நிமோனியாவைக் குறைக்கவில்லை என்று 2015-ல் முடிந்தது. வாய்ச் சுத்தம் நிமோனியாவுக்குத் தடுப்பூசி அல்ல. ஆனால் சுத்தம் செய்யாமல் விட ஒரு காரணமும் இல்லை.

அதே 2015-ல் தோக்கியோவில் எண்பத்தைந்து வயதைக் கடந்த 524 பேரிடம் செய்த ஆய்வு இன்னொன்றைச் சொன்னது. இரவில் செட்டோடு தூங்குகிறவர்களுக்கு நிமோனியா ஆபத்து 2.3 மடங்கு. படுக்கும்முன் கழற்றி, சோப்பும் மென்பிரஷும் கொண்டு கழுவி, குளிர்ந்த நீரில் போட்டு வைப்பது எந்தச் செலவும் இல்லாத காரியம். பற்பசை அக்ரிலிக்கைக் கீறிவிடும். வெந்நீர் அதை வளைத்துவிடும்.

சர்க்கரை நோயோடு உள்ள தொடர்பு இருவழிப்பாதை. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு ஈறு வேகமாகக் கெடுகிறது. கெட்ட ஈறின் அழற்சி சர்க்கரையை ஏற்றுகிறது. 2022-ல் வெளியான காக்ரேன் தொகுப்பாய்வின்படி, ஈறு சிகிச்சைக்குப் பின் மூன்று நான்கு மாதங்களில் மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை அளவு 0.4 புள்ளி அளவு இறங்குகிறது. எலும்புத் தேய்மானத்துக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் அதைப் பல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். இவ்வகை மருந்து எடுப்பவர்களில் சிலருக்குப் பல் பிடுங்கிய இடத்தில் தாடை எலும்பு ஆறாமல் போகலாம் என்று 2003-ல் ராபர்ட் மார்க்ஸ் என்ற அமெரிக்க அறுவை மருத்துவர் எச்சரித்தார். எலும்புத் தேய்மானத்துக்கான அளவில் இது அரிது. புற்றுநோய்க்குத் தரும் அளவில் அவ்வளவு அரிதல்ல. கெட்ட பல்லை மருந்து தொடங்கும் முன்பே எடுத்துவிடுவது நல்லது. ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுபவர்கள் பல் பிடுங்குவதற்காகத் தாங்களே அதை நிறுத்திவிடக் கூடாது.

பா, தா, கா, ரா

இருபது பல் இருந்தும் சாப்பிடத் திணறுகிறவர்கள் உண்டு. மெல்லுவது பல்லின் வேலை மட்டுமல்ல. உதடு, நாக்கு, கன்னம், தொண்டை எல்லாம் சேர்ந்த கூட்டு வேலை. தோக்கியோவுக்கு அருகிலுள்ள காஷிவா நகரில் ஏறத்தாழ இரண்டாயிரம் முதியோரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2018-ல் வெளிவந்தது. பல் குறைவு, மெல்லும் திறன், நாக்கின் வலு, விழுங்கும்போது புரையேறுதல் போன்ற ஆறு குறைகளில் மூன்றோ அதற்கு மேலோ உள்ளவர்களுக்கு, உடல் நலிவும் தசை இழப்பும் வருவதற்கான ஆபத்து இரண்டு மடங்கைத் தாண்டியிருந்தது.

அதே ஆண்டு ஜப்பானியக் காப்பீடு வாய்ச் செயல் குறைவை ஒரு நோயாக ஏற்றது. அதற்கான சோதனைகளில் ஒன்று மிக எளியது. பா, தா, கா என்ற ஒலிகளை ஒவ்வொன்றாக முடிந்தவரை வேகமாகச் சொல்ல வேண்டும். நொடிக்கு ஆறு முறைக்குக் கீழே போனால் கவனிக்க வேண்டும். பா சொல்ல உதடு மூட வேண்டும், தா-வுக்கு நுனிநாக்கு, கா-வுக்கு அடிநாக்கு. இத்துடன் ரா-வையும் சேர்த்து முதியோர் மன்றங்களில் உணவுக்கு முன் பயிற்சியாகவே சொல்ல வைக்கிறார்கள். தமிழிலும் அதே ஒலிகள்தான்.

பல் மிஞ்சியவர்களின் பிரச்சினை

8020 வென்ற இடத்தில் இப்போது வேறொரு வேலை வந்து நிற்கிறது. பல்லே இல்லாத முதியவரைப் பராமரிப்பவருக்குச் செட்டைக் கழற்றிக் கழுவினால் போதும். இருபத்தைந்து சொந்தப் பல்லும் இரண்டு இம்ப்ளான்டும் இடைவெளியை நிரப்பும் ஒரு பற்பாலமும் உள்ளவர் நினைவிழப்பு நோயால் வாய் திறக்க மறுத்தால் என்ன செய்வது? அண்மைக் கணக்கெடுப்புகளில் முதியோரிடையே ஈறுப் பை ஆழமானவர்களின் விகிதம் உயர்ந்திருக்கிறது. பல் நிலைத்ததால் வந்த உயர்வு இது. இல்லாத பல்லுக்கு ஈறு நோய் வராது.

வீட்டில் பார்த்துக்கொள்பவருக்குச் சில நுட்பங்கள் உதவும். முதியவரை உட்காரவைத்தோ தலையைச் சற்று உயர்த்தியோ, முகத்தை ஒரு பக்கம் திருப்பி வைத்துத் தேய்க்க வேண்டும்; மல்லாந்த நிலையில் நீர் தொண்டைக்குள் இறங்கிவிடும். பற்பசை பட்டாணி அளவுக்கும் குறைவாகப் போதும். தேய்த்தபின் ஈரத்துணியால் துடைத்தெடுக்கலாம். கன்னத்துக்கும் பல்லுக்கும் இடையே ஒதுங்கிய சோறு, மாத்திரை, வெற்றிலைத் துணுக்கு ஆகியவற்றை ஒவ்வொரு வேளையும் பார்க்க வேண்டும். பாக்கையே புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தியிருப்பதால், வெற்றிலை போடுகிறவர் வாயில் இரண்டு வாரம் ஆறாத புண்ணோ வெள்ளைத் திட்டோ கண்டால், செட் உரசியதால் வந்தது என்று விட்டுவிடாமல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல முடியாதவருக்குச் சொத்தையை நிறுத்தவும் ஒரு வழி உண்டு. சில்வர் டயமைன் ஃப்ளோரைடு என்ற 38 விழுக்காட்டுத் திரவம் ஒசாகா பல்கலைக்கழகத்தில் உருவாகி 1970-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. வெள்ளி கிருமியைக் கொல்கிறது, ஃப்ளோரைடு பல்லை இறுக்குகிறது. சொத்தையை உலர்த்தி ஒரு சிறு தூரிகையால் தடவினால் போதும். துளைப்பானும் வேண்டாம், மரப்பூசியும் வேண்டாம், படுக்கையிலேயே பல் மருத்துவர் போட்டுவிடலாம். தடவிய இடம் கறுப்பாகிவிடும் என்பதுதான் குறை. முன்பல் என்றால் வீட்டார் தயங்குவார்கள், கடைவாய்ப் பல்லில் யாருக்கும் தெரியாது. பல பத்தாண்டுகள் பெரிதாகக் கவனிக்கப்படாமல் இருந்த இந்த மருந்தை, ஃப்ளோரைடு பற்பசையோடு சேர்த்து, 2021-ல் உலக சுகாதார நிறுவனம் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலில் ஏற்றியது.